ஒரு மாதத் தாமதத்துக்கு என்ன விலை?

கேள்வி: வேலந்தாவளம் பக்கம் குடியிருக்கிறேன். வயது 35, பத்தாவது தேறியவன். ஹெவி லைசென்ஸ் எடுத்து 11 வருடம் ஆகிறது. கடைசி 4 வருடமாகக் கஞ்சிக்கோட்டிலிருந்து வல்லார்பாடத்துக்கு 40 அடி கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். பேட்டாவோடு சேர்த்து மாதம் 30,000 கைக்கு வரும். வீட்டுச் செலவு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், 6,500 ரூபாய் கடன் தவணை எல்லாம் போக 6,000 மிஞ்சும். சேமிப்பு 1,60,000. இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது. ரியாத்தில் ட்ரெய்லர் வேலை, 2,200 ரியால் சம்பளம், டிரிப் காசு தனி. ஏஜென்ட் 85,000 கேட்கிறார். இன்னொருவர் லிதுவேனியா கம்பெனி என்கிறார். மாதம் 1,800 யூரோ கையில் வருமாம், செலவு 6,50,000. நகைக்கடன் 4 லட்சம் கிடைக்கும். மீதியைப் பொள்ளாச்சியில் ஒருவர் மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் 25 லட்சம் புரட்டினால் அங்கேயே வந்துவிடலாம் என்கிறார். எவ்வளவு பணம் வைத்துக்கொண்டு கிளம்பினால் சரியாக இருக்கும்?

பதில்: ஏஜென்ட் கேட்கும் தொகையைத்தான் பட்ஜெட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பட்ஜெட்டில் ஒரு வரி மட்டுமே. டீசலுக்கும் டோலுக்கும் காசு வைத்துக் கிளம்பிவிடலாம். லோடு இறங்காமல் குடோன் வாசலில் மூன்று நாள் வண்டி நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் காசு) யார் தருவது என்பதில்தான் டிரிப்பின் லாபம் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெளிநாட்டுக் கணக்கும் அப்படித்தான். இங்கே சம்பளம் நின்ற நாளுக்கும் அங்கே முதல் முழுச் சம்பளம் வரும் நாளுக்கும் நடுவே எத்தனை மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் உங்களுக்கு என்ன செலவு என்பதை முதலில் போடுங்கள். ஏஜென்ட் தொகை அதற்குப் பிறகு வரட்டும்.

ரியாத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், கணக்கு சுருக்கமானது.

இந்தியாவில் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜென்ட், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஆளெடுக்கும் செலவு, இகாமா (சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முதலாளி தலையில்தான் வைத்திருக்கிறது. அப்படியிருக்க 85,000 எதற்கு? 35,400 போக மிச்சம் 49,600 எந்த இனத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். "ப்ராசஸிங்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் அது ஏஜென்டுக்கும் அவருக்குக் கீழே இருக்கும் சப் ஏஜென்டுக்கும் போகிற பணம். சப் ஏஜென்ட் என்கிற ஏற்பாட்டையே சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. ஏஜென்ட் பெயரும் உரிம எண்ணும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் செயல்பாட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பலகையில் எழுதியிருக்கும் எண் வேறொருவருடையதாக இருப்பது சாதாரணமாக நடக்கிறது. எண் மட்டும் பொருந்தினால் போதாது, முகவரியும் பொருந்த வேண்டும்.

இப்போது தொகையைக் கூட்டுவோம். ஏஜென்டுக்கு 35,400. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று, சான்றிதழ் வேலைகள், கொச்சிக்கும் சென்னைக்கும் அலைவது ஆகியவற்றுக்கு 20,000. போய் இறங்கி இகாமா, சவூதி லைசென்ஸ் கைக்கு வரும்வரை வண்டி தரமாட்டார்கள். இதற்கு இரண்டு மாதம் வையுங்கள். இரண்டு மாத வீட்டுச் செலவு 48,000. அங்கே உங்கள் சாப்பாட்டுக்கும் போனுக்கும் மாதம் 500 ரியால் வீதம் 1,000 ரியால்; ரியால் 23 ரூபாய் என்று வைத்தால் 23,000. யாரும் தொடக்கூடாத திரும்பும் டிக்கெட் காசு 25,000. ஒப்பந்தம் முடிந்தால் டிக்கெட் முதலாளி தருவார், சரி. இடையில் சண்டை வந்து கிளம்பினால் தரமாட்டார், அதற்குத்தான் இது. எல்லாம் சேர்ந்து 1,51,400. உங்கள் சேமிப்பு 1,60,000. கடன் ஒரு ரூபாய் வேண்டாம்! ஆனால் 85,000 கொடுத்தால் மொத்தம் 2,01,000 ஆகிவிடும், நகை பெட்டியை விட்டு வெளியே வரும்.

போகப் பணம் போதும். போவதில் லாபம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2,200 ரியாலில் வேலை தொடங்கிய பிறகு உங்கள் செலவு 600 என்று கழித்தால் 1,600 மிஞ்சும். 36,800 ரூபாய். வீட்டுக்கு 24,000 போனால் 12,800. இங்கேயே உங்களுக்கு 6,000 மிஞ்சுகிறது. ஆக, குடும்பத்தை விட்டுப் போவதன் கூடுதல் பலன் மாதம் 6,800. இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு 1,63,200. கிட்டத்தட்ட நீங்கள் முதலில் போடும் பணம் அவ்வளவுதான். அதாவது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பிப் போனால் இரண்டு வருடம் கழித்துக் கிளம்பிய இடத்திலேயே நிற்பீர்கள். லாபம் முழுக்க அந்த "டிரிப் காசு" என்ற இரண்டு வார்த்தையில் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் அதை வாயால் மட்டும்தானே சொன்னார்?

டிரிப் காசு கிலோமீட்டருக்கா, ஊருக்கு ஊரா, டன்னுக்கா, காலி வண்டியாகத் திரும்பும்போதும் உண்டா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் பிடித்தம். டயர் வெடித்தால், டீசல் கணக்கு இடித்தால், லோடு சேதமானால் டிரைவர் கணக்கில் எழுதும் கம்பெனிகள் உண்டு. சவூதியில் சாஹிர் என்கிற கேமரா முறை வேகத்தைப் பிடித்து அபராதம் போடும்; அது உங்கள் இகாமா எண்ணிலேயே விழும். ஒரு மாத டிரிப் காசை இரண்டு அபராதம் தின்றுவிடலாம். பிடித்தத்துக்கு மாதம் இத்தனை ரியால்தான் உச்சவரம்பு என்று எழுதித் தரும் கம்பெனியா என்று கேட்டுப் பாருங்கள். எழுதித் தருகிற கம்பெனி என்றால் போகலாம்.

மெடிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனை வாஃபித் என்ற இணையப் பதிவு முறையில் ஒதுக்கப்படும் மையத்தில்தான் நடக்கும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே தகுதியில்லை என்று வரக்கூடும். இரவு வண்டி ஓட்டுபவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தெரியாமலே ஏறியிருக்கும். ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன் பாலக்காட்டிலோ கோவையிலோ சொந்தமாக ஒரு எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரை அளவு, நிறக்குருடு உட்பட ஒரு கண் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சில ஆயிரத்தில் முடியும். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் ஏஜென்ட் பாதியைக்கூடத் திருப்பமாட்டார்.

லிதுவேனியா கணக்குக்கு வருவோம். இதில்தான் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயங்கள் நிறைய.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கனரக வண்டியைத் தொழிலாக ஓட்ட மூன்று அட்டை வேண்டும். ஒன்று, ட்ரெய்லருக்கான சிஇ வகை லைசென்ஸ். இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு நேராக மாற்றி வாங்குவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் நடக்காது. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. லைசென்ஸ் தர, அந்த நாட்டில் வழக்கமாகக் குடியிருப்பவராக நீங்கள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 185 நாள் என்பது அதற்கான அளவுகோல். அதை எப்படி நிரூபிப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இரண்டு, தொழில் தகுதி. லைசென்ஸில் 95 என்று குறியீடு ஏறும், அதனால் எல்லோரும் கோட் 95 என்பார்கள். முழுப் பயிற்சி 280 மணி நேரம், துரிதப் பயிற்சி 140 மணி நேரம், கடைசியில் தேர்வு. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம். வெளிநாட்டுக்காரர் இதை வேலை தரும் கம்பெனி இருக்கும் நாட்டிலோ, வேலை அனுமதி தந்த நாட்டிலோதான் முடிக்க முடியும். கோவையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று, டேக்கோகிராஃப் அட்டை; வண்டி ஓடும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பதிந்துவைக்கும் கருவிக்கானது. இவை போக, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த டிரைவருக்கு கம்பெனி வாங்கித் தர வேண்டிய டிரைவர் சான்று என்று ஒரு தாள் உண்டு. அது இல்லாமல் எல்லை தாண்டிச் சர்வதேச லோடு ஓட்ட முடியாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கலாம். ஆர்டிஓவில் 1,000 ரூபாய்க்கு ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் தாள் அது. ஊர் சுற்றப் போகிறவர் கார் ஓட்ட உதவும். சம்பளத்துக்கு 40 டன் வண்டி ஓட்ட அது ஆகாது.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் உங்கள் பட்ஜெட். இறங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் என்று வைக்கிறேன். நன்றாக நடந்தால் அவ்வளவு. 6,50,000 ஏஜென்டுக்கு. ஆவணம், அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் முத்திரை), விசா மையத்துக்கு அலைச்சல் 25,000. போகும் டிக்கெட் 55,000. யூரோவை 100 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொண்டால், மாதம் 350 யூரோ வீதம் மூன்று மாதக் கைச்செலவு 1,05,000. முதல் சம்பளம் அடுத்த மாதம்தான் வரும் என்பதால் வீட்டுக்கு நான்கு மாதம், 96,000. திரும்பும் டிக்கெட் 50,000. மொத்தம் 9,81,000. சேமிப்பு போக 8,21,000 கடன்.

இதில் 4 லட்சம் நகைக்கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 3,300 சொச்சம். மீதி 4,21,000 மூன்று வட்டிக்கு என்றால் மாதம் 12,630. இரண்டும் சேர்ந்து 16,000. மூன்று வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 36 சதவீதம் அது. வங்கி நகைக்கடனைப் போல மூன்றரை மடங்கு.

1,800 யூரோ உண்மையாகவே வந்தால் இந்தக் கடன் அடைபடும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் மூன்று மாதம் பயிற்சியில் போய், ஒரு மாதம் யார்டிலும் விடுப்பிலும் கழிந்து, எட்டு மாதம் முழுதாக ஓடினால் 14,400 யூரோ. உங்கள் செலவு 2,800 போக 11,600. வீட்டுக்கும் வட்டிக்கும் போக ஏழரை லட்சம் அசலுக்குப் போகும். தாளில் பார்த்தால் அருமையான கணக்கு. ஏஜென்ட் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்.

அவர் காட்டாதது, ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன விலை என்பது. வீட்டுக்கு 24,000, வட்டிக்கு 16,000, உங்கள் கைச்செலவு 35,000. மாதம் 75,000! எழுத்துத் தேர்வில் ஒருமுறை தவறி, அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தால் ஒன்று. குடியிருப்பு அட்டை தாமதமானால் இன்னொன்று. எல்லா அட்டையும் வந்தும் டிரைவர் சான்று வராமல் உள்நாட்டிலேயே யார்டு வேலை பார்த்தால் மூன்றாவது. மூன்று மாதம் என்றால் 2,25,000. உங்கள் கையில் அதற்கு வழி இல்லை. பொள்ளாச்சிக்காரரிடம்தான் மறுபடி போக வேண்டும். ரியாத்தில் இதே ஒரு மாதத் தாமதத்துக்கு 24,000மும் 500 ரியாலும் சேர்ந்து 35,500. கடன் இல்லாததால் வட்டி இல்லை. எந்த வேலை நல்லது என்பதைவிட, எந்தத் தாமதத்தை உங்கள் வீடு தாங்கும் என்பதே இங்கே தீர்மானிக்கிற விஷயம்.

1,800 யூரோ என்ற எண்ணையும் பிரித்துப் பாருங்கள். லிதுவேனியாவில் 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 1,038 யூரோ. சர்வதேச லோடு ஓட்டுபவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்; மீதி, நாட்டுக்கு வெளியே வண்டியில் இருக்கும் நாட்களுக்குத் தரும் தினப்படி. நம் ஊர் பேட்டாவேதான். ஒப்பந்தத்தில் "சம்பளம்" என்ற இடத்தில் எவ்வளவு, "தினப்படி" என்ற இடத்தில் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். வண்டி பட்டறையில் நின்றால், காய்ச்சலில் படுத்தால், விடுப்பில் வந்தால் தினப்படி கிடையாது. நோய் விடுப்புக்கான தொகையும் தினப்படியைச் சேர்க்காமல் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். கையில் 1,800 என்று சொன்னவர் எத்தனை நாள் ஓட்டத்துக்கு என்று சொன்னாரா?

நம் ஊரில் இரண்டு டிரிப் கூடுதலாக அடித்துப் பற்றாக்குறையைச் சரிக்கட்டுவோம். அங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90 மணி நேரம். எல்லாவற்றையும் டேக்கோகிராஃப் எழுதிக்கொண்டே இருக்கும். லோடு இறக்கும் நேரத்தை ஓய்வு என்று தவறாகச் சுவிட்ச் போட்டாலும் அபராதம்தான். பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் கிலோமீட்டர் கணக்கில் சம்பளம் தருவதை அதே விதிமுறை தடுக்கிறது. ஆகவே "கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓட்ட ஓட்டக் காசு" என்று ஐரோப்பாவைப் பற்றி ஒருவர் பேசினால் அவருக்குத் தொழில் தெரியாது. 45 மணி நேர வாராந்திர ஓய்வைக் கேபினில் எடுக்கக்கூடாது, வெளியே தங்கும் செலவு முதலாளியுடையது. கேபினிலேயே படுக்கச் சொல்லும் கம்பெனி வேறு எதில் கைவைக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சேவைக் கட்டண உச்சவரம்பு இங்கேயும் அதே 35,400தான். மிச்சம் 6,14,600க்குப் பயிற்சி, தேர்வு, விசா, தங்குமிடம் என்று பதில் சொல்வார். நல்லது, அப்படியானால் பிரித்துக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்: விசாக் கட்டணம் விசா மையத்தில் நானே கட்டுகிறேன், டிக்கெட் நானே எடுக்கிறேன், பயிற்சிக் கட்டணம் சேர்க்கைக் கடிதம் வந்ததும் பயிற்சிப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். உண்மையான வேலையை வைத்திருக்கும் ஏஜென்ட் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொள்வார். மொத்தத்தையும் ரொக்கமாக, விசா வரும் முன் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் வேலை இல்லை.

சில கம்பெனிகள் கோட் 95 செலவைத் தாங்களே ஏற்று, ஒன்றிரண்டு வருடம் விட்டுப் போகக்கூடாது என்று பத்திரம் வாங்கும். அது கெட்டது அல்ல. வட்டியில்லாக் கடன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் விலகினால் மாதக் கணக்கில் குறைத்துக் கேட்பார்களா, முழுத் தொகையும் கேட்பார்களா என்பதை மட்டும் பாருங்கள். உங்களைப் போல நான்கு வருடம் ட்ரெய்லர் ஓட்டியவர் தேட வேண்டியது இப்படிப்பட்ட கம்பெனியைத்தான். 6,50,000 கேட்கும் ஏஜென்டை அல்ல. விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சு எந்த நாட்டைப் பற்றி வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கனடா 25 லட்சம் என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அங்கே வெளிநாட்டு ஆளை எடுக்கக் கம்பெனி அரசிடம் வாங்கும் எல்எம்ஐஏ ஒப்புதலுக்குக் கட்டணம் 1,000 டாலர். கட்ட வேண்டியது முதலாளி, அதைத் தொழிலாளியிடம் திரும்ப வாங்குவது குற்றம். லட்சக்கணக்கில் விற்கப்படுவது அந்தத் தாள்தான். ட்ரெய்லர் லைசென்ஸுக்கு முன் கட்டாயப் பயிற்சி ஒன்டாரியோவில் 103.5 மணி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 140 மணி. நல்ல காசு ஆகும். நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த அமெரிக்க எல்லை ஓட்டம் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அமெரிக்க விசா இருந்தால்தான். லாரி டிரைவர்களுக்கான வேலை விசாக்களை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. போதாக்குறைக்கு, டிரைவரையே ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யவைத்து விடுப்பு, காப்பீடு எதுவும் தராமல் ஓட்டவைக்கும் பழக்கம் அங்கே பெரிய தலைவலி. சொந்தக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவரிடம் கம்பெனி பெயரைக் கேளுங்கள், விலையை அல்ல.

எங்கே போவதானாலும் இப்போதே தொடங்க வேண்டிய ஆவண வேலை இருக்கிறது. எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இது கொஞ்சம் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, கேரள லைசென்ஸில் வீட்டுப்பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் முதலெழுத்தே இல்லாமல் ஒற்றைப் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று தூதரகத்தில் நிரூபிக்க முடியாமல் ஒப்பந்தத் தேதி கடந்துபோவது உண்டு. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால் முதலில் அதை விரித்து எழுதிப் புதுப்பியுங்கள், 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். அதன்படி லைசென்ஸைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை கட்ட வேண்டிவரும்.

லைசென்ஸில் இப்போது "டிரான்ஸ்" என்று மட்டும் அச்சாகிறது. கனரக வண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதைக் காட்டும் விவரத் தாளை ஆர்டிஓவிடம் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் 11 வருடத்துக்கு அதுவே சாட்சி. அடுத்தது அனுபவச் சான்று. ஓனர் ரொக்கமாகவே பேட்டா கொடுத்துவந்திருந்தால் நீங்கள் ட்ரெய்லர் ஓட்டியதற்குத் தாளில் ஒரு தடயமும் இருக்காது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் வண்டி எண், அச்சு எண்ணிக்கை, வழித்தடம், எந்த மாதம் முதல் என்பதோடு ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். கேரள மோட்டார் தொழிலாளர் நலநிதியில் உங்கள் பெயரில் பணம் கட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தின் நகலும் உதவும். இனி வரும் மாதங்களுக்காவது சம்பளத்தை வங்கி வழியாகப் போடச் சொல்லுங்கள்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக 500 ரூபாய். பணம் பெரிதல்ல, பழைய வழக்குதான் இடிக்கும். 11 வருடம் வண்டி ஓட்டியதில் எங்காவது ஒரு உரசல், ஒரு விபத்து வழக்கு பதிவாகி, ஓனர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நீங்களும் மறந்திருக்கலாம். எஃப்ஐஆரில் டிரைவர் பெயர்தான் இருக்கும். வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்த ஸ்டேஷனிலாவது அப்படி ஒன்று நிலுவையில் இருந்தால், ஏஜென்டைப் பார்க்கும் முன் வக்கீலைப் பாருங்கள். கேமரா அபராதங்களையும் பரிவாகன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

லைசென்ஸ் முடியும் தேதியையும் பாருங்கள். கனரக லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும்போது முடிந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால், திரும்பி வந்து மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் பத்தாவது தேறியதால் சவூதிக்குக் குடியகல்வு அனுமதி தேவையில்லை. தேறாத நண்பர்கள் யாராவது உங்களோடு வருவதாக இருந்தால் அவர்களுக்கு அது கட்டாயம். கூடவே 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். தனியார் ஏஜென்டுக்கு முன் அரசு வழியையும் தட்டிப் பாருங்கள்: கேரளத்தில் ஓடெபெக், நோர்க்கா, எல்லைக்கு அந்தப் பக்கம் கோவை மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். டிரைவர் வேலை அறிவிப்பு எப்போதும் இருக்காது, வரும்போது செலவு குறைவு.

வீட்டுப் பக்கம் இரண்டு காரியம். திரும்பும் டிக்கெட் காசை உங்கள் மனைவி பெயரில் வைப்புநிதியாகப் போடுங்கள், சேமிப்புக் கணக்கில் விடாதீர்கள். பள்ளிக்கூடக் கட்டணம் வந்தால் அது கரைந்துவிடும். கிளம்பியபின் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க விதி இடம் தராது, வெளிநாட்டில் வாழ்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும். 6,500 தவணை எந்தக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது என்று முதலில் பார்த்து, அதை மனைவியின் கணக்குக்கு மாற்றிவிட்டு அதைச் செய்யுங்கள். மாதப் பணத்தையும் நேராக அவர் கணக்குக்கே அனுப்புவது எளிது.

ஆக, லிதுவேனியா இந்த விலைக்கு வேண்டாம். ரியாத், டிரிப் காசும் பிடித்தத்துக்கான உச்சவரம்பும் ஒப்பந்தத்தில் ஏறினால், சட்டம் சொல்லும் கட்டணத்துக்குப் போகலாம். பொள்ளாச்சிப் பணம் எதற்கும் வேண்டாம். ஏஜென்டை அடுத்த முறை பார்க்கப் போகும்போது சோதனை ரிப்போர்ட்டையும் லைசென்ஸ் விவரத் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒப்பந்த நகலைப் படித்து முடித்த பிறகு 35,400ஐ வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.